ட்யூப்லைட்டின் பாட்டும் ஐம்பது வட்டங்களும்

திண்டிவனத்தில் அந்தப் பள்ளியின் மேல்மாடி அறையில், கடைசி பெஞ்சுக்கு நேர் மேலே இருந்த ட்யூப்லைட் நாள் முழுக்க ‘ம்ம்ம்’ என்று மூக்கால் பாடிக்கொண்டிருக்கும். இரண்டு முனையும் கறுத்துப்போன பழைய ட்யூப். அதன் ‘சோக்’ சூடாகச் சூடாகப் பாட்டு கொஞ்சம் மேலே ஏறும், மின்விசிறியைப் போட்டால் இறங்கும், மதியம் பள்ளிக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தில் நடுங்கும். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாஹிதா சொல்லித்தான் தெரியும். என் காதில் அந்த ட்யூப்லைட் ஒரு நாளும் பாடியதில்லை.

அது சனிக்கிழமை வகுப்பு. சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்து நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்து, ஆண்டு முடிவில் வரப்போகும் திறனாய்வுத் தேர்வுக்குத் தயார் செய்வதற்காக நடத்தினார்கள். அதில் தேறினால் விடுதியோடு கூடிய நல்ல பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிலேயே இடம் கிடைக்கும் என்றார்கள். ஊரில் எங்களுக்கு ‘மூளைக்காரப் பசங்க’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு என் அம்மா மட்டும் சிரிப்பார். காலையில் பல் துலக்கப் போன பெண், துலக்காமல் பிரஷ்ஷை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு அணில் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தினம் பார்க்கிறவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

கோலியனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. முதல் வாரம் விழுப்புரத்தில் பஸ் ஏற்றிவிட்டு, “திண்டிவனம்னு கூவுனாதான் எறங்கணும்” என்று ஆயிரம் முறை சொல்லி அனுப்பினார்கள். நான் கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டேன். அங்கே ஒருவர் கூண்டில் காடைகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார், அவை எத்தனை என்று எண்ணலாமென்று தோன்றியது, அவ்வளவுதான். எண்ணி முடிப்பதற்குள் என் பையோடு பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அம்மா கழனி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். “ஒன்ன இட்டுக்கினு போயி இட்டுக்கினு வர்றதே பெரிய பேஜாரா கீது” என்று வழியெல்லாம் புலம்புவார், ஜன்னலோரம் மட்டும் எனக்கே கொடுப்பார்.

வகுப்பு முடியும்வரை அம்மா சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. விதைக்கு வைத்திருக்கும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு பையில் கட்டிக்கொண்டு வருவார். விதை மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும், பருப்பின் மேல் இருக்கும் சிவப்புத் தோல் கீறக்கூடாது, கீறினால் முளைக்காது. அங்கேதான் ஷாஹிதாவின் அம்மா அவருக்குத் தோழியானார். கோட்டக்குப்பத்திலிருந்து மகளை அழைத்துவருவார். கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போகிறவர் என்பதால் விரல்கள் எப்போதும் செம்பழுப்பாக இருக்கும். இரண்டாவது வாரமே அந்த விரல்களும் மல்லாட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டன.

மாடியில் எங்கள் பாடு வேறு. வாராவாரம் ஐம்பது கேள்விகளுக்கு ஒரு தேர்வு, நாற்பத்தைந்து நிமிடம். விடையை எழுதக்கூடாது. ‘ஓ.எம்.ஆர். தாள்’ என்று ஒன்று தருவார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள், சரியான வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். எடுக்கும் மதிப்பெண் வரிசையில்தான் அடுத்த வாரம் பெஞ்சில் இடம். கெட்டிக்காரர்களுக்கு ஜன்னலோரக் காற்று, மதிப்பெண் குறையக் குறையப் பின்னால் தள்ளி, கடைசியில் ட்யூப்லைட்டுக்குக் கீழே. சத்தம் தாங்காத பெண்ணைச் சத்தத்துக்கு அடியிலேயே உட்காரவைத்து, இன்னும் மதிப்பெண் குறைகிறதே என்று கேட்கிற ஏற்பாடு. யார் மூளையில் உதித்ததோ தெரியாது, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. தொடர்ந்து மூன்று வாரம் இருபத்தைந்துக்குக் கீழே எடுத்தால் பெயரை அடித்துவிடுவார்கள், காத்திருக்கும் பட்டியலிலிருந்து வேறு பிள்ளை வரும்.

நானும் ஷாஹிதாவும் கடைசி பெஞ்சில் சேர்ந்தது அப்படித்தான். அவள் முக்காட்டை இரண்டு காதிலும் திணித்து அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆடிக்கொண்டே கணக்குப் போடுவாள். “காது வலியா?” என்று கேட்டேன். மேலே காட்டி, “லைட்டு கத்துது” என்றாள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லைட்டு எங்கேயாவது கத்துமா என்று ஒருத்தி கேட்டாள். ஷாஹிதா அவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னால் என்னைப் பார்க்கவில்லை, என் தோள்பட்டையைப் பார்த்தாள், அவள் பார்ப்பது அப்படித்தான். “ஒனக்கு கேக்குதா?”

“கேக்குது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்வதுதான் என் வழக்கம். ஆனால் அன்றைக்கு அது மட்டும் காரணமில்லை. அந்த வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்த முதல் ஆள் அவள்தான். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக, அவள் “இப்ப ஏறுது” என்றால் நானும் தலையை ஆட்டுவேன். “இப்ப எறங்குது” என்றால் அதற்கும் ஆட்டுவேன்.

எங்கள் இருவருக்கும் கடைசி பெஞ்சு கிடைத்த காரணங்கள் ஒன்றல்ல. நான் அவசரக்குடுக்கை. பதினைந்து நிமிடத்தில் ஐம்பதையும் முடித்துவிடுவேன், பாதி வாரங்களில் எங்காவது ஒரு வரிசையைத் தாண்டி நிரப்பிவிடுவேன், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி மாறி நாசமாகப் போகும். ஷாஹிதாவோ இருபதுக்கு மேல் வட்டம் நிரப்பியதே இல்லை. நிரப்பிய இருபதும் சரியாக இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் முதலில் ஓரத்தை ஒரு சுற்று வரைவாள், பிறகு உள்ளே கோடு கோடாக இழுப்பாள், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள், எங்காவது ஊசிமுனை வெள்ளை தெரிந்தால் அதையும் மூடுவாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு அழகான வட்டங்களை அதற்குப் பிறகு நான் அச்சில்கூடப் பார்த்ததில்லை.

தொடர்ந்து இரண்டு வாரம் அவளுக்கு இருபது மதிப்பெண்தான் வந்தது. மூன்றாவது வாரம் தேர்வுக்கு முன்னால், “பேர அடிச்சிடுவாங்களா?” என்று கேட்டாள். அடித்தால் என்ன, சனிக்கிழமை வீட்டில் ஜாலியாக இருக்கலாமே என்றேன். அவள் ஆடுவதை நிறுத்திவிட்டாள். “எங்க ஸ்கூல்ல கணக்கு ரொம்ப சின்னதா இருக்கு. போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது. இங்கதான் கணக்கு கணக்கா இருக்கு” என்றாள். அவள் அதுவரை என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளமானது. இந்தப் பெண் போகக்கூடாது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டினால் எனக்கு உடனே செய்தாக வேண்டும்.

திட்டம் சுலபமானது. அவள் கேள்வித்தாளிலேயே விடைகளை டிக் அடித்துவிட வேண்டும். நான் என் தாளை முடித்தபிறகு அவள் தாளை வாங்கி நிரப்பிக் கொடுப்பேன். விடையெல்லாம் அவளுடையது, கை மட்டும்தானே என்னுடையது, இதில் என்ன தப்பு என்று நான் வக்கீல் மாதிரி பேசியதில் அவள் சம்மதித்தாள். அன்று தேர்வு ஆரம்பிக்கும்போது எங்கள் தாமரை டீச்சர், “எட்டாவது கேள்வி தப்பா பிரிண்ட் ஆயிருக்கு, அத விட்டுடுங்க” என்று சொன்னார். என் தாளில் எட்டை நினைவாக விட்டேன். அவள் டிக் அடித்து முடித்தபோது ஐந்து நிமிடம்தான் மிச்சமிருந்தது, அவள் தாளை இழுத்துக்கொண்டு அவசர அவசரமாக நிரப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் மதிப்பெண் வாசித்தார். ஷாஹிதாவுக்கு ஒன்பது.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அவள் தாளில் எட்டாவது வரிசையைக் காலியாக விடாமல், ஒன்பதின் விடையை எட்டில் நிரப்பி, அங்கிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறேன். முதல் ஏழு தப்பித்தது, கீழே இரண்டு தற்செயலாகப் பொருந்தியது. காப்பாற்றப் போன நானே அவளைக் குழியில் தள்ளிவிட்டேன். டீச்சர் வருத்தத்தோடுதான் பேனாவை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, விதியைத் தாண்டத் தெரியாதவர், அவ்வளவுதான். பெயரை அடிப்பதற்கு முன் அந்தத் தாளை ஒரு தரம் பார்த்தார். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயுமாக நான் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது? ஒன் வட்டம் இப்படி இருக்காதே” என்றார்.

“நான் ஷேட் பண்ணல டீச்சர்” என்றாள் ஷாஹிதா.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. ஆனால் அடுத்து “யார் பண்ணது?” என்று டீச்சர் கேட்டால் அதற்கும் உள்ளபடி பதில் சொல்லிவிடுவாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, “நான்தான் டீச்சர், வரிசை மாறிப்போச்சு டீச்சர், அவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்” என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அதைத் தைரியம் என்று என் அம்மா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். என் அவசரம் ஒரு நல்லது செய்தது அந்த ஒரு முறைதான்.

காப்பி அடித்த வழக்கு என்று வகுப்பே குசுகுசுத்தது. இரண்டு அம்மாக்களையும் மேலே கூப்பிட்டார்கள். என் அம்மா புடவையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிக்கொண்டே வந்து, கதையைக் கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். “வூட்ல ஒரு வேலைய முழுசா முடிச்சதில்ல நீ. இங்க வந்து அடுத்தவ வேலைய செஞ்சிக்கினு இருக்கியா?” டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஷாஹிதாவின் அம்மா சிரிக்கவில்லை. மகள் முக்காட்டைக் காதில் திணித்துக்கொண்டு வேகமாக ஆடிக்கொண்டிருந்ததையே பார்த்தார். “நாங்க இட்டுக்கினு போயிடறோம் டீச்சர், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். எத்தனை இடங்களில் அப்படிச் சொல்லி அழைத்துப்போயிருப்பாரோ, அந்தக் குரலில் கோபமே இல்லை, பழக்கம்தான் இருந்தது.

டீச்சர் உடனே அனுப்பிவிடவில்லை. போன வாரம் வாங்கிவைத்த கேள்வித்தாள்களில் ஷாஹிதாவுடையதைத் தேடி எடுத்து, அதில் இருந்த டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பத்தொன்பதும் சரி. தாளை மேசையில் வைத்தார். பிறகு, “இவ்ளோ தெரியுதே, அப்புறம் ஏம்மா பாதி வட்டத்த நெரப்பாம விட்டுடற?” என்று கேட்டார்.

“நீங்கதான டீச்சர் சொன்னீங்க. வட்டத்துக்கு வெளிய துளி போகக்கூடாது, உள்ள துளி வெள்ள தெரியக்கூடாது, தெரிஞ்சா மெஷின் எடுக்காதுன்னு.”

முதல் நாள் டீச்சர் அப்படித்தான் சொன்னார். எங்கள் முப்பத்தொன்பது பேருக்கும் சொன்னார், நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சொன்னபடி செய்த ஒரே பிள்ளையைத்தான் வெளியே அனுப்ப இருந்தார்கள்.

“அரை நிமிஷத்துக்கு மேல ஒரு வட்டத்துல நிக்காதன்னா நிக்க மாட்டாளா?” என்று டீச்சர் தயங்கிக் கேட்டார். ஷாஹிதாவின் அம்மாதான் வழி சொன்னார், டீச்சரிடம் சொல்லவில்லை, நேராக மகளிடம். “கல்யாண வூட்ல நாம எப்படிம்மா மருதாணி போடுவோம்? ஒரு பொண்ணுக்கு முழுசா போட்டுட்டா அடுத்த பொண்ண கூப்பிடுவோம்? மொதல்ல எல்லார் கையிலயும் கோடு. நெரப்பறது அப்புறம். ஜல்தியா கெளம்பணும்னாகூட எந்தப் பொண்ணும் வெறுங்கையோட போக மாட்டா இல்ல?” அம்மாவோடு போய்க் கோன் பிடித்துப் பழகியவள் ஷாஹிதா. ஆடுவது மெல்லக் குறைந்தது. மேசையிலிருந்து ஒரு புதிய தாளை எடுத்துக்கொண்டு, நின்றவாக்கிலேயே ஐம்பது வரிசையிலும் ஐம்பது புள்ளி வைத்தாள். பிறகு முதல் வரிசைக்குத் திரும்பி ஒவ்வொரு புள்ளியையும் சற்றுப் பெரிதாக்கினாள். மூன்றாவது சுற்றில் வட்டம் நிறைந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம்.

பெயர் அடிபடவில்லை. அன்றிலிருந்து ரேங்க் வரிசையையும் எங்கள் இருவருக்கு மட்டும் தளர்த்திவிட்டார், ஷாஹிதாவுக்கு ஜன்னலோரம், அவளுக்குப் பக்கத்தில் நான். அவள் கேட்காமலேயே அந்த ட்யூப்லைட்டின் சுவிட்சையும் அணைத்துவைத்தார். எனக்கு ஷாஹிதா ஒரு மருந்து கண்டுபிடித்தாள். தன் மர ஸ்கேலை என் தாளின் மேல் வைத்து, ஒரு வரிசை முடிந்தால்தான் அதை ஒரு படி கீழே தள்ள வேண்டும் என்றாள். நான் தள்ள மறந்தால் பெஞ்சுக்கு அடியில் காலால் இடிப்பாள். அந்த ஆறு மாதம் நாங்கள் பேசியது கொஞ்சம்தான், என் முழங்காலில் இருந்த கன்றிப்போன தடம்தான் அதிகம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

திறனாய்வுத் தேர்வு விழுப்புரத்தில் நடந்தது. ஷாஹிதா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். ஸ்கேல் கையில் இருந்தது, அதைத் தள்ளவும் நினைவிருந்தது. ஆனால் என் கண் என் தாளில் நிற்கவில்லை. அவள் புள்ளி வைத்துவிட்டாளா, இரண்டாவது சுற்று வந்துவிட்டாளா என்று அவள் முழங்கையின் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்று முடிந்து அவள் பேனாவை மூடியபோது எனக்கு வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. அப்போது என் தாளில் பத்து வரிசை காலியாக இருந்தது. தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதேன். அவளுக்குக் கிடைத்ததற்காக ஒரு துளியும் பொறாமை இல்லை, இனிமேல் சனிக்கிழமை பெஞ்சுக்கு அடியில் யார் இடிப்பார்கள் என்றுதான் அழுதேன். மூன்றாம் நாள் அம்மா ஸ்கேலை எடுத்து என் பையில் போட்டு, “அந்தப் பொண்ணு போன் நம்பர் அவங்கம்மா குடுத்துகீறாங்க, பேசு” என்றார்.

இப்போது நான் முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வரிசை வரிசையாகக் குழாய்கள், ஒன்று மாறினால் ஒருவரின் சர்க்கரை இன்னொருவருக்குப் போய்விடும். அதனால் பதிவேட்டின் மேல் மர ஸ்கேல் இல்லாமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை. ஷாஹிதா சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள், மற்றவர்கள் செய்த வேலையில் ஊசிமுனைத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். எங்கள் இருவருக்கும் மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஆட்டிசம், எனக்கு ஏ.டி.எச்.டி. சொன்னபோது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்கு வேற பேரு வெச்சிகீறாங்களா? நாங்க மலருன்னுதான வெச்சோம்” என்றார்.

போன மாதம் அண்ணன் மகளை ஒரு தேர்வுக்காக அதே பள்ளிக்கு அழைத்துப்போனேன். சைக்கிள் ஷெட் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, மல்லாட்டை உடைக்கிற அம்மா யாரும் இல்லை, பெற்றோர்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போய் எட்டிப்பார்த்தேன். ரேங்க் பெஞ்சு இல்லை. அது ஒழிந்ததற்காக எனக்கு வருத்தமும் இல்லை. முனை கறுத்த ட்யூப்லைட்டும் இல்லை, அதன் இடத்தில் மெலிதான எல்.இ.டி. பட்டை ஒன்று வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அங்கே நின்றபடியே ஷாஹிதாவுக்குப் போன் செய்தேன்.

“நம்ம கிளாஸ்ல லைட்ட மாத்திட்டாங்கடி. இப்ப சத்தமே இல்ல.”

“ஒனக்கு எப்பதான் கேட்டுது?” என்றாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் காப்பாற்றிய பொய். “தெரியுமா ஒனக்கு?”

“மொத நாளே தெரியும். மோட்டார் நின்னப்புறம் இன்னும் நடுங்குதான்னு கேட்டேன், நீ தலைய ஆட்டின.”

“பின்ன ஏன் சொல்லல?”

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நடுவில் பேசக்கூடாது என்று அந்தப் பெஞ்சில் கற்றுக்கொண்டதால் காத்திருந்தேன்.

“கேக்குதுன்னு சொன்னது நீ ஒருத்திதான்” என்றாள்.